செங்கல்

பயிற்சி பத்து வாரம் என்று
தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.
மாடி அறை, இரண்டு வேளை சாப்பாடு,
காய்ச்சி ஆறிய தண்ணீர், பூட்டு உள்ள கதவு.
மற்றதெல்லாம் தாளில் இல்லை.

நோமின் என்று பெயர். மங்கோலியா.
தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு
முதல் நாளே அதை நோமினா என்று நீட்டி
பிலோமினாவுக்கு, அதாவது எனக்கு,
தங்கையாக்கிவிட்டது.

கடல் இல்லாத நாடாம்.
காசிமேட்டுக்குக் கூட்டிப்போனேன்.
ஏலம் முடிந்த நேரம்,
கால் வைக்கிற இடமெல்லாம் செதில்.
கடலை அவள் பார்க்கவில்லை.
ஐஸைத்தான் பார்த்தாள்.
உடைந்து கிடந்ததில் ஒரு துண்டை எடுத்து
கன்னத்தில் வைத்துக்கொண்டு
கண்ணை மூடி நின்றாள்,
ஊரிலிருந்து யாரோ வந்துவிட்டதைப் போல.

மே மாதம். கரண்ட் போனால்
மொட்டை மாடியில் படுப்போம்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது
மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன என்பாள்.
கம்பெனி, என்பேன்.
அன்றிலிருந்து
தீய்ந்த பால், ஈரச் சாக்கு, கால்வாய்,
எது நாறினாலும் அவளுக்குக் கம்பெனிதான்.

வகுப்பு வண்ணாரப்பேட்டையில்.
'நான் நீர் அருந்துகிறேன்' என்று
நோட்டில் எழுதி வந்தாள்.
இங்கே யாரும் அருந்துவதில்லை, கண்ணு.
தண்ணி புடிக்கிறோம்.
மூன்று நாள் நாக்கை மடித்து
வாழைப்பழம் பழகினாள்.
தள்ளுவண்டிக்காரர் வாயப்பயம் என்றதும்
பாவம், அவரைத் திருத்தினாள்.
அவர் கோபப்படவில்லை.
இரண்டு சேர்த்துக் கொடுத்தார்.

அதுதான் சிக்கல்.
எல்லோரும் சேர்த்துக் கொடுத்தார்கள்.
பஸ்ஸில் எழுந்து இடம்,
கடையில் ஃபேனுக்கு நேராக நாற்காலி,
டீக்குக் காசு வேண்டாம்.
ஐந்தாவது வாரம்
மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.
யாராவது ஏதாவது சொன்னாங்களா?
இல்லை என்று தலையாட்டினாள்.
யாரும் ஒண்ணும் சொல்லலை.
எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல்.
நாலரைக்கு லாரி ஆரன் கேட்டு
நான் எழுந்து முடி முடிவதற்குள்
குடம் இரண்டையும் தூக்கிக்கொண்டு
இறங்கிவிட்டாள்.

வரிசையில் ஏழாவதாக ஒரு செங்கல் கிடந்தது.
செங்கல் என்றால் தேசராணி.
இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை.
நோமின் அதைக் காலால் ஓரம் தள்ளி
என் குடத்தை வைத்தாள்.

பிறகு தெருவே கேட்டது.
தேசராணி அவளை, அவள் அம்மாவை,
அவள் ஏறிவந்த விமானத்தை,
அதை ஓட்டியவனை.
வெளியூர்க்காரி என்று
ஒரு சொல் குறைக்கவில்லை.
நோமினும் அவள் பாஷையில் திருப்பிக் கொடுத்தாள்.
அப்படியொரு குரல் அவளிடம் இருந்தது
அன்றுவரை எனக்குத் தெரியாது.
கடைசியில் எட்டாவதாகத்தான் பிடித்தாள்.

மேலே வந்தபோது தோள் நனைந்து,
முகம் சிவந்து,
சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.
நோட்டை எடுத்தாள்.
"கஸ்மாலம். எழுத்து சொல்லுங்க."
சொன்னேன்.
அடுத்த வார்த்தைக்குச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தேசராணி
கீழே நின்று கத்தினாள்:
"ஏ நோமினா, லாரி இன்னிக்கி ராவே வர்தாம்,
கல்லு போட்டுட்டியா?"
போட்டிருந்தாள்.
அரைச் செங்கல்,
மேலே நகப்பூச்சில் ஏதோ அவள் எழுத்து.

அன்றைக்கு இரவு பஹ்ரைனிலிருந்து போன்.
நாலு வருஷமாக அடுத்தவன் படகு.
நல்லா இருக்கேன்,
எல்லாரும் நல்லா பார்த்துக்குறாங்க,
என்றது குரல், எப்போதும் போல.
எப்போதும் போல சரி என்று
வைத்திருப்பேன்.
கேட்டேன்:
அங்க உன்னாண்ட யாராச்சும்
சண்டை போட்டாங்களா?

லைன் கட்டாகவில்லை.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம்
கேட்டுக்கொண்டே இருந்தது.